யாருடையதும் அல்லாத எலி

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் தூறல், பிறகு எந்த நிறமும் இல்லாத வானம். ஷிப்ட் மதியத்துக்குப் பிறகு. ஆகவே எலிக்காரருக்குக் கதவு திறக்கும் வேலை எனக்கு.

வீட்டுச் சொந்தக்காரர் சிவம் அங்கிள் அனுப்பிய ஆள். கார்த்தி என்று பெயர், மதுரைப் பக்கம், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பின் தோட்டத்தில் மரக் கொட்டிலைச் சுற்றிக் கறுப்புப் பெட்டிகள் வைத்தார். உள்ளே நீல நிறக் கட்டிகள். சவர்க்காரத் துண்டு போல. பார்க்க வடிவாகக்கூட இருந்தன.

"தின்னவுடனே சாகாதும்மா. நாலஞ்சு நாள் ஆகும். உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். மருந்தாலதான்னு அதுக்கே தெரியாது. அதனால மத்த எலியும் பயப்படாம வந்து திங்கும்."

அம்மா கேட்டார்: "திண்டிட்டு எங்க தம்பி போகும்?"

"மேலதாம்மா." வானத்தைக் காட்டிச் சிரித்தார்.

அம்மாவும் வானத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

பிறகு கார்த்தி மதிலில் இருந்த சோற்றைக் கண்டுவிட்டார். "இது யார் வைக்கிறது?" பறவைகளுக்கு என்றேன். "ஒரு வாரம் நிறுத்துங்க. சுடுசோறு கெடச்சா மருந்த எது திங்கும்? எலியே இதுக்குத்தான் வருது." வெள்ளைக்காரர் வரும்போது போல அம்மாவுக்கு நான் மொழிபெயர்க்கத் தேவையில்லை, தமிழ்தான். ஆனாலும் அம்மா விளங்காதவர் போல நின்றார்.

பங்குனியில் அப்பா போனதிலிருந்து அம்மா ஒவ்வொரு மதியமும் காகத்துக்கு வைக்கிறார். காகம் எடுத்த பிறகுதான் தான் சாப்பிடுவார். ஆட்டத்திவசம், அந்த முதலாண்டுத் திதி, முடியும்வரை என்று நேர்ந்துகொண்டது. காகம் தின்றது போக மிச்சம் மதிலுக்கு அந்தப் பக்கம் விழும். இரவில் எலி வரும். பக்கத்து வீட்டுக்காரி படம் எடுத்துச் சிவம் அங்கிளுக்கு அனுப்பிவிட்டார்.

சிவம் அங்கிள் பின்னேரம் போன். ஸ்பீக்கரில். "அன்ரி, காகத்துக்கு வையுங்கோ, நான் வேண்டாம் எண்டேல்லை. எலிக்கு வைக்காதேங்கோ."

"நான் எங்க தம்பி எலிக்கு வைச்சனான்?"

"எலிக்கு அது தெரியாதெல்லே."

கடையில் வாங்க: உழுந்து, நல்லெண்ணெய், அம்மாவின் மாத்திரை.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசிச் சனி. எதிர்பாராத வெயில். அம்மா எள் போட்டுச் சோறு குழைத்து மதிலில் வைத்து "கா, கா" என்றார். உடனே வந்தது. இடது இறக்கையில் ஒரு வெள்ளை இறகு உள்ள காகம். அதுதான் அம்மாவுடையது. மற்றக் காகங்களை அம்மா கலைத்துவிடுவார்.

குசினி ஜன்னலில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அதற்குச் செய்தி சொல்வார். இன்று:

"கவுன்சிலால வரிக் கடிதம் வந்தது. நான் பார்த்துக்கொள்ளுறன், நீங்கள் யோசிக்க வேண்டாம். அபிக்கு இன்னும் சரியான வேலை கிடைக்கேல்லை. கடையிலதான் நிக்கிறாள். ஒருத்தரோடையும் கதைக்கிறாளும் இல்லை. உங்கட குணம்."

காகம் தலையைச் சரித்துச் சரித்துக் கேட்டது. அல்லது சோற்றைப் பார்த்தது.

எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். மெய்யியல், அதாவது தத்துவம். அம்மா சொந்தக்காரருக்கு "சட்டம் மாதிரி ஒண்டு" என்று சொல்லி வைத்திருக்கிறார். கடைசி வருடம் எழுதிய நீண்ட கட்டுரை இதுதான்: ஒரு விலங்குக்குத் தனக்கென்றே மதிப்பு உண்டா, யாராவது கொடுத்தால்தான் உண்டா. உண்டு என்று நிறுவினேன். நல்ல புள்ளி. எழுதிய காலம் முழுவதும் ஒரு விலங்கையும் தொடவில்லை.

பெட்டிகளை எட்டிப் பார்த்தேன். நீலக் கட்டிகளில் பல் அடையாளம்.

அம்மா இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார். நல்ல நாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மழை. செருப்பு முழுக்கச் சேறு.

கொட்டில் வாசலில் எலி ஒன்று செத்துக் கிடந்தது. கையுறை போட்டு எடுத்தேன். நினைத்ததைவிடப் பாரம். காதுகள் மிக மெல்லியவை, வெளிச்சம் ஊடாகத் தெரியும். மூக்கில் ஒரு சொட்டு இரத்தம். படம் எடுத்துக் கார்த்திக்கு அனுப்பினேன்.

பதில்: "சூப்பர். வேலை செய்யுது. பையில கட்டி வைங்க. வெளிய விடாதீங்க, பூனை ஏதாவது தின்னா அதுக்கும் ஏறும்."

நான்: "காகம்?"

"காகமும்தான். செத்தது பரவால்ல, தேடி எடுத்துடலாம். சாகப்போறது பகல்ல வெளிய வந்து தடுமாறும். அதத்தான் காக்கா தூக்கும்."

சுவரில் சாய்ந்து நின்றேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் சோறு வைத்தீர்கள், எலி வந்தது, எலிக்கு மருந்து வைத்தோம், இனி அந்த மருந்து நீங்கள் அப்பா என்று நினைக்கிற காகத்துக்குப் போகப் போகிறது. இதில் எந்த இடத்திலிருந்து தொடங்குவது?

கடைசியில் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "அவருக்குத் தெரியும் எதைத் தின்னவேணும் எண்டு" என்றார். உழுந்து ஊறப்போடப் போய்விட்டார்.

செப்டம்பர் 24, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் ஒழுங்காக எழுதவேண்டும்.

மதியம். அம்மா சோறு வைத்துவிட்டு உள்ளே வந்தார். காகம் மதிலில் இறங்கியது. சோற்றைத் தொடவில்லை. கீழே பார்த்தது. புல்லில் ஒரு எலி. நட்ட நடு வெயிலில், குடித்த ஆள் போல ஒரு பக்கம் சரிந்து சரிந்து நடந்தது. காகம் புல்லுக்குத் தாவியது.

ஓடினேன். செருப்பைக் கழற்றி எறிந்தேன். காகம் எழும்பிக் கூரையில் இருந்தது. மறுபடி இறங்கியது. இரண்டாம் செருப்பு. அது இறக்கையில் பட்டது என்று நினைக்கிறேன். கத்திக்கொண்டு பறந்து போய்விட்டது.

அம்மா வாசலில். "என்னடி செய்யிறாய்? அப்பாவுக்கோ செருப்பால எறியிறாய்?"

"அம்மா, எலி..."

"அப்பாவுக்கு! செருப்பால!"

சோற்றை மூடி வைத்தார். சாப்பிடவில்லை. சீனி வருத்தக்காரர், நீரிழிவு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார்.

எலி அதே இடத்தில். போனால் காகம் திரும்பி வரும், ஆகவே பக்கத்தில் குந்தி இருந்தேன். முதலில் அதை நான் ஒரு எலியாகவே பார்க்கவில்லை. காகத்துக்கு ஆபத்தான ஒரு பொட்டலம், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் போன பிறகு அது முன்னங்காலால் முகத்தைத் துடைத்தது. செத்துக்கொண்டிருக்கும்போது முகம் துடைக்கிறது. யாருக்காக? யாரும் பார்க்கிறார்கள் என்றா? தனக்குத்தான். அந்தக் கட்டுரையில் பக்கம் பக்கமாக எழுதினேனே, இந்த ஒரு விஷயம் அதில் இல்லை.

ஐஸ்கிறீம் பெட்டியில் துணி போட்டு எடுத்தேன். அம்மா முதுகைத் திருப்பிக்கொண்டே, "அது மிளகாய்த்தூள் பெட்டியெல்லே, கழுவினியோ?" கழுவினேன். மூடியில் ஓட்டை போட்டேன்.

பஸ்ஸில் ஒரு அன்ரி பக்கத்தில் வந்து இருந்தார். என் மடியைப் பார்த்தார். "என்ன பிள்ளை, ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடோ?"

"ஓம் அன்ரி."

"அங்கத்தைச் சாப்பாடு எங்கட ஆக்களுக்கு ஏலாது. ஆருக்குச் சுகமில்லை?"

பெட்டியை இறுக்கிப் பிடித்தேன். என் கையைத் தட்டிக் கொடுத்தார். "எல்லாம் சுகமாகும்." பெட்டிக்குள் நகம் கீறும் சத்தம் கேட்டுவிடுமோ என்று இருமினேன்.

மிருக வைத்தியரிடம். வரவேற்பில் இருந்த பெண் பெயர் கேட்டாள். அபிநயா என்றேன். "உங்களுடையது இல்லை, செல்லப்பிராணியின் பெயர்." எலி என்றேன். "சரி, எலியின் பெயர்?" வரிசையில் நாயுடன் நின்றவர் சிரித்தார். அந்த இடம் வெறுமையாக இருந்தால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாதாம். அவளே ஏதோ தட்டினாள்.

வைத்தியர் இளம் பெண். மென்மையான கை. நல்லவர் என்றுதான் எழுதவேண்டும். ஈறுகளைப் பார்த்தார், வெளிறிப்போயிருந்தன. "இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. வைட்டமின் ஊசி. நாய்கள் இதைத் தின்றுவிட்டு வரும், கொடுப்போம். பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இது உங்களுடையதா?"

அலமாரி அவருக்குப் பின்னாலேயே இருந்தது. மருந்து அதற்குள் இருந்தது.

என்னுடையது. அவ்வளவுதான் சொல்லவேண்டும். வாய் திறக்கவில்லை. வகுப்பில் விடை தெரிந்தும் கை உயர்த்தாமல் இருந்தேனே, அதே மாதிரி. அதோடு, என்னுடையது என்று சொன்னால் பொய். யாருடையதும் இல்லை என்பதால்தானே அதற்கு மருந்து இல்லை. நான் சொந்தம் கொண்டாடினால் மட்டும் அந்த உடம்புக்குள் என்ன மாறும்? அதே இரத்தம், அதே கசிவு. பைத்தியம் மாதிரி இப்படி யோசித்துக்கொண்டு நின்றேன், விசரி. அவர் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டார். "அப்படியென்றால் வலி இல்லாமல் முடித்துவிடுவோம். இதுவும் ஒரு கருணைதான்."

பெட்டியைத் திருப்பித் தந்தார்கள். துணியையும் மடித்து வைத்திருந்தார்கள்.

செப்டம்பர் 26, வெள்ளி

காற்று. இலைகள். காகம் நேற்றும் வரவில்லை, இன்றும் இல்லை.

அம்மா புதன் காலைக்குப் பிறகு சோறு தொடவில்லை. தேத்தண்ணி, ஒரு வாழைப்பழம், மாத்திரை. நவராத்திரி தொடங்கிவிட்டது, எங்களுக்கு இழவு வீடு, இந்த வருடம் கும்பம் வைப்பதில்லை. இன்று சாமி விளக்கு ஏற்றும்போது அம்மாவின் கை ஆடியது. தீக்குச்சி மூன்று முறை அணைந்தது. பிறகு கதிரையில் இருந்துவிட்டார். முகம் முழுக்க வியர்வை. இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது; சீனி கரைத்து வாயில் ஊற்றினேன். பல்லை இறுக்கினார். ஊற்றினேன்.

"அம்மா, உங்களுக்கு ஏதும் ஆச்சுதெண்டா எனக்கு ஆர் இருக்கினம்?"

"அவரை நீ கலைச்சனி. நீயே கூப்பிடு."

ஷிப்டுக்குப் போகவில்லை. சுகமில்லை என்று செய்தி அனுப்பினேன்.

சிவம் அங்கிளுக்குப் போன் எடுத்தேன். இரண்டு முறை எடுத்து வெட்டிவிட்டு மூன்றாம் முறை பேசினேன். பெட்டிகளை எடுத்துவிடச் சொன்னேன், சோற்றுக்கு வேறு வழி பார்க்கிறோம் என்றேன்.

"பிள்ளை, நான் யேர்மனியில பதினெட்டு வருசம் இருந்தனான். அங்கயும் எலி இருந்தது. அதுக்கு ஒருத்தரும் வக்காலத்து வாங்கேல்லை."

"அங்கிள், அது கன நாள் கிடந்து சாகுது."

"எல்லாரும்தான் கிடந்து சாகினம். மெய்யியல் படிச்சா இப்பிடித்தான் வருமோ? மனிசரைப் பற்றி ஒரு பாடமும் இல்லையோ அதில?" பிறகு குரலைத் தணித்தார். "பக்கத்து வீட்டுக்காரி கவுன்சிலுக்கு எழுதினாளெண்டா நான் உங்களை வீட்டை விட்டு எழுப்பத்தான் வேணும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்க போவாய்? யோசி."

யோசிக்கிறேன். வேறு என்ன செய்கிறேன்.

கார்த்தியிடமும் கேட்டேன். "இப்ப எடுத்தா பாதி தின்ன எலியெல்லாம் சும்மா நோவு பட்டு கெடக்கும். முடிக்கிறதுதான் நல்லது, சிஸ்டர்." இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. எல்லோரிடமும் ஒரு நல்ல காரணம் இருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

இரண்டாம் புரட்டாசிச் சனி. மூட்டம்.

விடியவே தோட்டம் முழுக்கத் தடியால் தட்டிப் பார்த்தேன். கொட்டிலுக்கு அடியில் ஒன்று, செத்தது. பையில் கட்டினேன். வேறு இல்லை. அப்படியென்றால் இப்போது கூப்பிடலாம். காகம் வந்தாலும் எடுக்கச் சோறு மட்டும்தான்.

அம்மா எள்ளுச் சோறு குழைத்து என் கையில் தந்தார். தான் வரவில்லை. எழும்பினால் தலை சுற்றுகிறது.

மதிலுக்கு முன்னால் நின்றேன். கா என்றேன். எனக்கே கேட்கவில்லை. உள்ளேயிருந்து அம்மா: "அது அவருக்குக் கேக்குமே?" கொஞ்சம் பலமாக. மேல் மாடி ஜன்னலில் பக்கத்து வீட்டுக்காரி. திரையை விலக்கிப் பார்க்கிறாள், கையில் போன். பள்ளிக்கூட மேடையில் பாட்டு மறந்து நின்ற நாள்கூட இப்படி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். "கா! கா! கா!" தொண்டை கிழியக் கத்தினேன். வா. வந்து ஒரு வாய் எடு. நீ அப்பா என்றாலும் வா, காகம் என்றாலும் வா. என் அம்மா சாகப்போகிறார்.

இரண்டு புறா வந்தன. கலைத்தேன்.

கலைத்தபிறகுதான் உறைத்தது. புறாவுக்கும் பசிதானே. இந்த மதிலில் எது அப்பா, எது பறவை, எது அழுக்கு என்று தீர்ப்பு வழங்க நான் யார்? பசித்த எல்லாவற்றையும் துரத்திவிட்டு ஒன்றை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறேன்.

அம்மா மாலை அரைக் கோப்பை கஞ்சி குடித்தார். அழுதுகொண்டு. நேர்த்தி முறிந்துவிட்டது என்று. பிறகு அதையும் வாந்தி எடுத்துவிட்டார்.

நாளை மதியத்துக்குள் சாப்பிடாவிட்டால் அம்புலன்ஸ் கூப்பிடுவேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

மழை. தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்கும்வரை எழுதுகிறேன்.

காகம் வந்தது. நான் கூப்பிடாமலேயே. அம்மா ஜன்னலால் கண்டுவிட்டு, "வந்திட்டார், அபி, வந்திட்டார், வெள்ளை இறகு!" சுவரைப் பிடித்துப் பிடித்துச் சோற்றுக் கிண்ணத்தோடு வாசலுக்குப் போனார். நான் பின்னால். அப்போதுதான் கண்டேன். புல்லில் இன்னொரு எலி. மழையில். கால்கள் இழுபடுகின்றன, போக இடமில்லை, ஒரே வட்டமாகச் சுற்றுகிறது.

காகம் சோற்றைப் பார்க்கவில்லை.

செருப்பு எறிய முடியாது. ஓடிப்போய் எலிக்கு மேல் குனிந்து நின்றேன், வீட்டுக் கூரை மாதிரி. வேறு ஒன்றும் தோன்றவில்லை. காகம் மதிலில் இருந்து என்னைப் பார்த்துக் கத்தியது. அம்மாவும் கத்தினார். "விலத்தடி! சாப்பிட விடடி! எத்தனை நாளுக்குப் பிறகு வந்தவர்!" ஞாயிற்றுக்கிழமை. வைத்தியர் இல்லை. கார்த்தி போன் எடுக்கவில்லை. மண்வெட்டி கொட்டிலுக்குள். அதை எடுத்து ஒரே அடி, முடிந்துவிடும், காகத்துக்கும் ஆபத்து இல்லை, எலிக்கும் நோவு இல்லை, அம்மாவும் சாப்பிடுவார். எல்லாக் கணக்கும் சரி. என்னால் முடியவில்லை. முடியவில்லை என்றால் எனக்கு இரக்கமா, பயமா? அதுவும் தெரியவில்லை.

"எனக்கு ஏலாது அம்மா" என்று அழுதேன். "எனக்கு ஒண்டும் ஏலாது."

அம்மா குடையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என்னைத் தோளில் பிடித்து விலக்கினார். குனிந்து எலியைப் பார்த்தார். அது சுற்றுவதை நிறுத்தியிருந்தது. வாயைத் திறந்து ஒரு மூச்சு. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு திடீரென்று இன்னொன்று.

அம்மாவின் கை தானாகவே தன் நெஞ்சுக்குப் போனது. ஆஸ்பத்திரி வார்ட்டில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா இரண்டு நாள் அப்படித்தான் இருந்தார். நெஞ்சில் கை வைத்து, அடுத்த மூச்சு வரும்வரை தானும் மூச்சு விடாமல்.

"இனிக் கனநேரம் இல்லை" என்றார்.

நனைந்த படிக்கல்லில் இருந்துவிட்டார். குடையை எலிக்குப் பிடித்தார். தன் தலை நனைகிறது. காகம் ஒரு தாவில் புல்லுக்கு வந்தது. இரண்டாவது தாவில் எட்டும் தூரம். அம்மா சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கி அதை நோக்கி எறிந்தார்.

"சூய்! அங்கால போ! போ எண்டுறன்! அது உயிரோட கிடக்கெல்லே!"

சோறு புல் முழுக்க. காகம் போய்விட்டது. வருமா என்று தெரியாது.

இந்த ஜன்னலால் தெரிகிறார்கள், அம்மாவும் குடையும். எலியின் வயிறு இன்னும் அசைகிறது. அம்மாவின் உதடு நீலம் பூத்திருக்கிறது. உள்ளே வாங்கோ என்றேன், தலையாட்ட மட்டும் செய்தார். கொஞ்சம் பொறு என்பதா, போ என்பதா.

கேத்தில் நின்றுவிட்டது. மதியத்துக்கு இன்னும் அரை மணித்தியாலம், பிறகு அம்புலன்ஸ். நான்கு கரண்டி சீனி போட்டுக் கொண்டு போகிறேன். குடிக்க மாட்டார். கொண்டு போகிறேன்.